குடிக்காமல் இருப்பது நானா, என் வீட்டாரா?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 41. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் டெய்லர். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறேன். பதினைந்து வருடக் குடி. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு ஆரம்பித்தால் திங்கட்கிழமை மிஷினில் உட்கார மாட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு மனைவி எனக்குத் தெரியாமல் குழம்பில் மாத்திரை கலந்துவிட்டாள். அன்று மாலை குடித்ததும் முகமெல்லாம் எரிந்து, நெஞ்சு படபடத்து, பஸ் ஸ்டாண்டில் விழுந்தேன். அதன்பிறகு ஒருநாள் நடு ராத்திரி, தூக்கத்தில் இருந்த என்னை நான்கு பேர் வந்து வேனில் தூக்கிப் போட்டு ஒரு குடிமீட்பு மையத்துக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாதம் அங்கே இருந்தேன். வெளியே வந்து ஏழு மாதம் தொடவில்லை.

பிறகு சித்தப்பா மகன் வீட்டுக் காதுகுத்து, கிடா விருந்து. அன்று குடிக்கும் எண்ணமே எனக்கு இல்லை. முந்தின இரவு ஷிப்மென்ட் வேலை, விடியற்காலைதான் படுத்தேன். வீட்டில் எல்லோரும் வேனில் போய்விட்டார்கள். நான் எழுந்து, ஒன்றும் சாப்பிடாமல், வண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். மொய் இரண்டாயிரமா ஆயிரத்தைந்நூறா என்று மனைவியோடு முந்தின நாளே வாக்குவாதம். நான் சொன்னபடி ஆயிரத்தைந்நூறு என்று முடிவானது. மீதி ஐந்நூறைப் பெட்ரோலுக்கு என்று சட்டைப்பையில் வைத்திருந்தேன். பந்தி தாமதமாகும் என்றார்கள். தோப்பில் பங்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குமேல் எப்படி நடந்தது என்றே தெரியவில்லை. ஒன்பது நாள் விடாமல் குடித்தேன். பிறகு அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தேன். இப்போது ஐந்து வாரம் ஆகிறது.

என் சம்பளத்தைச் சூப்பர்வைசரிடம் சொல்லி மனைவியே வாங்கிக்கொள்கிறாள். மச்சான் கம்பெனி வாசலில் வந்து நின்று என்னை ஏற்றிக்கொண்டு போகிறார். வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா வாயை ஊதிக் காட்டச் சொல்கிறாள். நான் குடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் இது நான் குடிக்காமல் இருப்பதா, அவர்கள் குடிக்கவிடாமல் வைத்திருப்பதா? ஒருநாள் அவர்கள் கையை விட்டால் என்ன ஆவேன்? ஏன் குடிக்கிறாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள், எனக்கே தெரியவில்லை. ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற குடியை விட்டவர்களின் கூட்டத்தில் மதுவின் முன்னால் நான் சக்தியற்றவன் என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள். மருத்துவமனைக் கவுன்சலர் எல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது என்கிறார். யார் சொல்வது சரி?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

குடியை நிறுத்திய பலருடைய மனதில் உங்கள் கேள்வி இருக்கிறது. வாய்விட்டுக் கேட்பவர் குறைவு. கேட்டால் காவல் இன்னும் இறுகிவிடுமோ என்ற பயம்தான் காரணம். நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அதனால் நானும் பூசி மெழுகாமல் சொல்கிறேன். இன்றைய நிலையில் உங்கள் பாரத்தில் பாதிக்குமேல் உங்கள் வீட்டார்தான் சுமக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஐந்து வாரம் என்பது மிகவும் ஆரம்பக் கட்டம். தூக்கம் இன்னும் சரியாகியிருக்காது; மது நின்ற பிறகும் சில மாதங்கள் வரை தூக்கம் கெடுவதும், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வருவதும் சகஜம். இந்த நேரத்தில் யார் தாங்கிப் பிடித்தாலும் உங்கள் கல்லீரலுக்கும் மூளைக்கும் லாபம்தான். ஆகவே, என்னை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இன்றைக்கே எல்லோரையும் விலக்கிவிடாதீர்கள்.

ஆனால் உங்கள் பயம் நியாயமானது. மச்சானுக்கு ஷிப்ட் மாறும். மனைவி ஒரு வாரம் தாய்வீட்டுக்குப் போக வேண்டி வரும். அம்மாவுக்கும் வயதாகிறது. காவல் என்றைக்காவது தளரத்தான் செய்யும். அதற்குள் உங்களுக்குள் ஒன்று வளர்ந்திருக்க வேண்டும். அதை எப்படி வளர்ப்பது என்பதுதான் நாம் பேச வேண்டியது.

முதலில், “ஏன் குடிக்கிறேன்” என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்துவிடுங்கள். பதினைந்து வருடக் குடிக்கு ஒரே ஒரு காரணத்தைத் தேடினால் அப்பாவின் அடி, கடன், சொந்தக்காரர்கள் செய்த துரோகம் என்று ஏதாவது ஒன்று நிச்சயம் கிடைக்கும். அவை பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வருகிற சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அந்தக் காரணம் உங்களுக்கு ஒத்தாசைக்கு வராது. அன்றைக்கு உதவக்கூடிய கேள்விகள் வேறு. எப்போது தொடங்கியது? அதற்கு முந்தின மணி நேரத்தில் என்ன நடந்தது? அதற்கும் முந்தின நாள்? தன்னை அறிவது என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் இந்தக் கணக்கைத்தான்.

நீங்கள் எழுதியிருப்பதையே எடுத்துக்கொள்வோம். எப்படி நடந்தது என்றே தெரியவில்லை என்கிறீர்கள். ஆனால் எப்படி நடந்தது என்பதை அதற்கு முந்தைய வரிகளில் நீங்களே வரிசையாக எழுதியிருக்கிறீர்கள்.

விடிய விடிய வேலை. தூக்கம் இல்லை. வயிற்றில் ஒன்றும் இல்லை. எல்லோரும் வேனில் போக, நீங்கள் தனியாக வண்டியில். மொய்யில் ஐந்நூறைக் குறைக்கச் சொல்லி வாக்குவாதம் செய்தது நீங்கள். அந்த ஐந்நூறு போய்ச் சேர்ந்த இடம் உங்கள் சட்டைப்பை. பெட்ரோலுக்கு என்று வைத்தீர்கள். தனி வண்டியில் போவதாக இருந்ததால்தான் பெட்ரோல் என்ற தேவையே வந்தது. உங்கள் கையில் பணம் கொடுக்காத வீட்டில், பல மாதங்களுக்குப் பிறகு, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத ஐந்நூறு ரூபாயும், யாரையும் கேட்காமல் கிளம்பக்கூடிய வண்டியும் ஒரே நாளில் உங்களிடம் இருந்தன. பந்தி தாமதமானதும் தோப்பில் ஆட்கள் இருந்ததும் கடைசியாகச் சேர்ந்தவை, அவ்வளவுதான்.

நீங்கள் திட்டம் போட்டு ஏமாற்றினீர்கள் என்று நான் சொல்லவில்லை. குடிக்கும் எண்ணமே இல்லை என்று நீங்கள் எழுதியதை முழுமையாக நம்புகிறேன். மனம் அப்படித்தான் வேலை செய்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட், ஜூடித் கோர்டன் என்பவரோடு சேர்ந்து, விட்ட பழக்கம் திரும்ப வருவதைப் பற்றி 1985-ல் ஒரு முக்கியமான நூலை வெளியிட்டார். மறுபடி குடித்தவர்களின் கதையை நெருங்கிப் பார்த்தால், குடிப்பதற்கும் குடிக்காததற்கும் சம்பந்தமே இல்லாதவை போலத் தோன்றும் சின்னச் சின்ன முடிவுகள் வரிசையாக முன்னால் நிற்கின்றன என்று அவர் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் இருக்கும். தூங்க வேண்டியிருந்தது, அதனால் வேனில் போகவில்லை. செலவு அதிகம், அதனால் மொய்யைக் குறைத்தேன். தனித்தனியாக எதிலும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. சேர்த்துப் பார்த்தால்தான் போகிற திசை தெரியும்.

இதை நான் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக எழுதவில்லை. இதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. தோப்பில், டம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில், தூக்கமும் சாப்பாடும் இல்லாத உடம்போடு வேண்டாம் என்று சொல்வது யாருக்கும் பெரும்பாடு. முந்தின நாள் மாலை மொய்ப் பணத்தை மனைவியிடமே கொடுத்துவிடுவது அவ்வளவு கஷ்டம் இல்லை. காலையில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது இன்னும் எளிது. உங்கள் கையில் இருப்பது எது என்று கேட்டீர்களே, இவைதான். மன உறுதி என்ற ஒன்றைக் கடைசி நிமிடத்துக்காகச் சேமித்து வைக்க முடியாது. முன்னாலேயே, உடம்பு தெம்பாக இருக்கும்போது, சின்னச் சின்னதாகச் செலவழிக்க வேண்டும்.

ஏ.ஏ. சொல்வதா, கவுன்சலர் சொல்வதா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. முதல் டம்ளர் உள்ளே போன பிறகு நீங்கள் சக்தியற்றவர். இது உங்கள் குணக்கேடு இல்லை, நோயின் தன்மை. 2022 முதல் நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலும், எப்போது தொடங்குவது, எவ்வளவு குடிப்பது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு போய்விடுவது இந்த நோயின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. ஒரு குவார்ட்டரோடு நிறுத்திக்கொள்வேன் என்று எத்தனை சனிக்கிழமை சொல்லியிருப்பீர்கள்? ஏ.ஏ. ஒப்புக்கொள்ளச் சொல்வது இதைத்தான். கவுன்சலர் சொல்வது, முதல் டம்ளருக்கு முந்தின நாட்களையும் மணி நேரங்களையும். இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை.

ஏ.ஏ. பிறந்த கதையிலேயே இது இருக்கிறது. 1935 மே மாதம், ஓஹையோ மாநிலத்து அக்ரன் நகரில் பில் வில்சன் என்ற மனிதர் ஒரு ஹோட்டலில் நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கின்றன. வந்த தொழில் காரியம் தோற்றுவிட்டது. தெரியாத ஊர், கையில் பணமும் குறைவு. ஒரு பக்கம் மதுக்கூடத்திலிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்கின்றன. மறுபக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி ஊரிலிருந்த தேவாலயக்காரர்களைக் கேட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் என்று பிறகு அறியப்பட்ட அறுவை சிகிச்சை மருத்துவர். இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் நீங்கள் போகிற கூட்டம். சக்தியற்றவன் என்று சொல்லிக்கொடுத்த மனிதர், மதுக்கூடத்துக்குள் காலை வைப்பதற்கு முன் ஒரு போன் செய்தார். உங்கள் போனில் அப்படி யாருடைய எண் இருக்கிறது? கூட்டத்துக்கு வருகிறவர்களில் ஒருவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். அவரும் ஒருநாள் இன்னொருவரிடம் அப்படிக் கேட்டவர்தான்.

இனி ஒரு பயிற்சி. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். வீட்டில் யாரும் இதைப் படிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். படிப்பார்கள் என்று தெரிந்தால் அவர்களுக்காக எழுத ஆரம்பித்துவிடுவீர்கள். தினமும் இரவு நான்கு விஷயம் மட்டும்: பசி, கோபம், தனிமை, களைப்பு. குடிமீட்பில் இருப்பவர்களைப் பல இடங்களில் கவனிக்கச் சொல்வது இந்த நான்கைத்தான். அன்றைக்கு எது எவ்வளவு இருந்தது, அந்த நேரத்தில் உடம்பில் என்ன நடந்தது, என்ன செய்தீர்கள். இலக்கணம் பார்க்க வேண்டாம். உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்:

“சனி. மதியச் சாப்பாடு பாதிதான். டேமேஜ் பீஸ் என்று சொல்லிச் சூப்பர்வைசர் கணக்கில் குறைத்துவிட்டார், கோபம். 7 மணிக்கு மச்சான் வரவில்லை. வாசலில் நின்றேன். பக்கத்து லைன் பையன்கள் நான்கு பேர் சேர்ந்து கிளம்பினார்கள். எங்கே என்று தெரியும். வாயில் எச்சில் ஊறியது, உள்ளங்கை வேர்த்தது. பத்து நிமிடத்தில் மச்சான் வந்தார். வண்டியில் ஏறியதும் அவர்மேல் எரிந்து விழுந்தேன்.”

இவ்வளவு போதும். சில வாரம் எழுதிவிட்டுப் புரட்டிப் பார்த்தால் உங்கள் வழக்கம் என்ன என்று உங்களுக்கே தெரியும். பசியும் கோபமும் சேர்ந்தால் ஆபத்தா, அல்லது வேலை முடிந்த நிம்மதியா? பலருக்கு வேதனையைவிட நிம்மதியும் சந்தோஷமும்தான் ஆபத்து. ஷிப்மென்ட் ஏற்றிவிட்ட இரவு உங்களுக்கு அப்படிப்பட்டது என்று ஊகிக்கிறேன். நோட்டு உறுதி செய்யட்டும். எச்சில் ஊறுவதையும் உள்ளங்கை வேர்ப்பதையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மனம் ஒன்றுமில்லை என்று சமாளிக்கும்போது உடம்பு முதலில் உண்மையைச் சொல்லிவிடும். இன்னொன்று: அந்த ஆசை ஏறிக்கொண்டே போகாது. தீனி போடாமல் விட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாக இறங்கிவிடும். அதோடு மல்லுக்கட்டாமல், இதோ ஏறுகிறது, இதோ இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கப் பழகச் சொல்லித் தந்தவரும் மார்லட்தான். ஆனால் அதைக் கடை இருக்கும் தெருவில் நின்று பார்க்கக் கூடாது. டீக்கடைக்குள் போய் உட்கார்ந்து ஒரு டீயும் இரண்டு பன்னும் சொல்லிவிட்டுப் பாருங்கள்.

சனிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை. டாஸ்மாக் கடை இரவு 10 மணிக்கு மூடுகிறது. பிளாக்கில் கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதற்கு இன்னும் இரண்டு படி தாண்ட வேண்டும். சம்பள நேரத்திலிருந்து பத்து மணி வரை, அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மட்டும் என்ன செய்வது என்று வெள்ளிக்கிழமையே எழுதி வையுங்கள். யாரோடு இருப்பேன், எங்கே சாப்பிடுவேன், எந்தத் தெரு வழியாகப் போவேன். வாழ்நாள் முழுக்க என்ன செய்வது என்று இப்போது யோசிக்க வேண்டாம்.

இப்போது உங்கள் வீட்டார். நீங்கள் சொன்ன மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியின் முழு விடையும் அதில் இருக்கிறது. உங்கள் மனைவி கலந்தது பெரும்பாலும் டைசல்பிராமாக இருக்கும். மது உடம்பில் உடையும்போது உருவாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளை மேற்கொண்டு உடையவிடாமல் இந்த மருந்து தடுக்கிறது. அது ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். முகம் எரிவது, படபடப்பு, வாந்தி, ரத்த அழுத்தம் சரிவது எல்லாம் அதனால்தான். இதய நோய் உள்ளவருக்கு உயிரே போகலாம். கடைசி மாத்திரை போட்டு இரண்டு வாரம் வரைகூட இந்த விளைவு நீடிக்கும். தெரியாமல் கொடுப்பது மிக ஆபத்தான வேலை, எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. இதைப் படிக்கும் மனைவிமாருக்கும் அம்மாக்களுக்கும் கெஞ்சிக் கேட்கிறேன், யார் சொன்னாலும் செய்யாதீர்கள். உங்கள் வேதனை எனக்குத் தெரியும். ஆனாலும் வேண்டாம்.

அதே மாத்திரையை, அதன் ஆபத்து எல்லாம் தெரிந்து, ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு, மருத்துவர் எழுதிக் கொடுத்து, தினமும் காலையில் மனைவி முன்னால் தானே போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அது நன்றாக உதவுகிறது. காலையில் ஒரு முறை முடிவெடுத்துவிட்டால் அன்றைக்கு முழுக்க மனதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மாத்திரை ஒன்றுதான், கொடுக்கும் கையும் ஒன்றுதான். கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டபோது அது அவருடைய ஆயுதமாகிவிட்டது.

உங்கள் சம்பளமும் மச்சானும் அப்படித்தான். மனைவி சூப்பர்வைசரிடம் சொல்லி வாங்கிக்கொள்வது காவல். நீங்களே சூப்பர்வைசரிடம் போய், இன்னும் மூன்று மாதத்துக்கு என் சம்பளத்தை என் வீட்டுக்காரியிடமே கொடுங்கள், இது என் ஏற்பாடு என்று சொன்னால், நடப்பது அதே காரியம்தான். ஆனால் செய்பவர் நீங்கள். பணம் யார் கைக்குப் போகிறது என்பதைவிட, அதை முடிவு செய்தவர் யார் என்பதே இப்போது உங்களுக்கு முக்கியம். முதலில் திரும்பப் பெற வேண்டியது சம்பளக் கவரை இல்லை, அந்த முடிவை.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, மனைவியையும் மச்சானையும் அம்மாவையும் உட்காரவைத்து நீங்களே பேசுங்கள். நான் மறுபடி குடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பிறகு என்ன உதவி வேண்டும், எவ்வளவு நாளைக்கு வேண்டும் என்று கேளுங்கள். சனிக்கிழமையும் ஷிப்மென்ட் இரவும் மச்சான் வர வேண்டும். மற்ற நாட்களில் நானே பஸ்ஸில் வந்துவிடுகிறேன், ஏறியதும் போன் செய்கிறேன். மூன்று மாதம் இப்படிப் போனால் வீட்டு மளிகைப் பணம் என் பொறுப்பு, நானே வாங்கி வந்து கணக்குத் தருகிறேன். நடுவில் சறுக்கினால் பழைய ஏற்பாட்டுக்கே திரும்புவோம். தேதி, தொகை, நிபந்தனை எல்லாவற்றையும் பேசி முடிவு செய்யுங்கள். “நம்பிக்கை வந்ததும் பார்க்கலாம்” என்ற பேச்சு எந்த வீட்டிலும் முடிந்து நான் பார்த்ததில்லை.

அம்மா ஊதிக் காட்டச் சொல்வதுதான் உங்களை அதிகம் நோகடிக்கிறது என்று நினைக்கிறேன். நாற்பது வயது ஆணைக் கூடத்தில் நிறுத்தி ஊதச் சொல்வது அவமானம்தான். அந்த அவமானத்தோடு வருகிற கோபமும் உங்கள் நோட்டில் எழுத வேண்டியது. வேண்டுமானால் அதற்குப் பதிலாக ஒன்றை நீங்களே முன்வைக்கலாம்: சனிக்கிழமை இரவு மட்டும், மனைவி ஒருவரிடம் மட்டும், நானே வந்து ஊதிக் காட்டுகிறேன். அம்மாவிடம் அதை மனைவி சொல்லட்டும்.

உங்களை ராத்திரியில் தூக்கிக்கொண்டு போனதைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. அது சிகிச்சை இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மதுவால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் தன் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. தானாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருக்கும் ஒருவரைச் சேர்ப்பதற்குக்கூட, ஒரு மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். வேனில் வருகிற நான்கு பேருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அதே சட்டம் உங்களுக்கு இன்னொரு உரிமையும் தருகிறது. நல்ல நிலையில் இருக்கும்போதே, பிற்காலத்தில் முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் எனக்கு எந்த மாதிரிச் சிகிச்சை வேண்டும், எது கூடாது, என் சார்பில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். உங்கள் மனநல மருத்துவரிடம் கேளுங்கள், முறை சொல்லித் தருவார். என் பார்வையில் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இது மிகவும் பயன்படும்.

அந்த ஒன்பது நாளைப் பற்றி. முதல் டம்ளர் ஒரு சறுக்கல். மற்ற எட்டு நாளையும் நடத்தியது பெரும்பாலும் ஒரு எண்ணம்: ஏழு மாதமும் போச்சு, இனி என்ன. இதையும் மார்லட் தெளிவாக எழுதியிருக்கிறார். விட்டவன் ஒரு முறை தொட்டுவிட்டால் குற்ற உணர்ச்சியே அவனை இரண்டாவதுக்குத் தள்ளும். ஏழு மாதம் எங்கேயும் போகவில்லை. அந்த ஏழு மாதத்தில் நீங்கள் கற்றது எல்லாம் உங்களோடு இருக்கிறது. தவறி ஒன்று நடந்தால், இரண்டாவது மணி நேரத்தில் யாருக்குப் போன் செய்வேன் என்பதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அதை எழுதுவது அபசகுனம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். குடித்ததை எத்தனை வரியில் எழுதியிருக்கிறீர்கள். “பிறகு அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தேன்” என்பதற்கு ஒரே வரி. முதல் தடவை மாத்திரை, இரண்டாம் தடவை வேன். இந்தத் தடவை யாரும் தூக்கிக்கொண்டு போனதாக எழுதவில்லை. கை நடுங்க நீங்களே போயிருக்கிறீர்கள். எய்ம்ஸ் நிபுணர்கள் நடத்தி 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. நீங்கள் அந்த ஒருவர். காதுகுத்து நாளை எழுதியது போலவே அந்தக் காலையையும் மணி மணியாக எழுதிப் பாருங்கள். எழுந்ததும் என்ன நினைத்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள், எந்த பஸ்ஸில் போனீர்கள், வரிசையில் நிற்கும்போது திரும்பிவிடலாமா என்று தோன்றியதா, ஏன் திரும்பவில்லை. என்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்கிறவருக்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது.

அப்படி நீங்கள் மருத்துவமனைக்குப் போனது இன்னொரு வகையிலும் சரியான காரியம். தினமும் குடிப்பவர் வீம்புக்கு வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாது. சில மணி நேரத்தில் நடுக்கமும் வேர்வையும், முதல் இரண்டு நாளில் வலிப்பும், இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் மனக்குழப்பமும் இல்லாதது தெரிவதும் வரலாம், உயிருக்கு ஆபத்து. அடுத்த முறை வெளிநோயாளிப் பிரிவுக்குப் போகும்போது, குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், நிறுத்தியதை நிலைநிறுத்த உதவும் அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைப் பார்த்து மருத்துவர் சொல்வார். நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம், கட்டணம் இல்லை. போதை மீட்புக்கென்றே உள்ள தேசிய உதவி எண் 14446.

கடைசியாக, விருந்து விசேஷங்களுக்கு இனிப் போகலாமா? நான் சொல்லமாட்டேன், வீட்டாரும் சொல்ல வேண்டாம். அழைப்பிதழ் வந்ததும் நோட்டை எடுத்துப் பாருங்கள். அந்த வாரம் ஷிப்மென்ட் இருக்கிறதா, தூக்கம் எப்படி, மனைவியோடு பேச்சுவார்த்தை எப்படி என்று பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்து வீட்டில் சொல்லுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் மொய்யை மனைவியிடம் கொடுத்து அனுப்பிவிட்டுத் தூங்குங்கள். போவதாக இருந்தால், காலைப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு எல்லோரோடும் வேனில் போங்கள். தோப்புப் பக்கம் கூப்பிட்டால் “மருந்து சாப்பிடுகிறேன், எனக்கு ஊற்றாதீர்கள்” என்று ஒரு வரி போதும். அதற்குமேல் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு வளரும். முதல் பந்தியில் உட்காருங்கள். வேன் கிளம்ப நேரமானாலும் ஊருக்குத் திரும்புகிற பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.